‘வாரேன்’ என்கிற பொத்தான்

முத்தையாபுரத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு எடை மேடை இருக்கிறது. உப்பு, உரம், நிலக்கரி, மரத்தடி என்று எதை ஏற்றி வந்தாலும் லாரிகள் அதில் ஏறி நின்று எடை போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்பும்போது வெறும் வண்டியாக இன்னொரு முறை ஏற வேண்டும். மேடையை ஒட்டிய சின்ன அறையில், ஜன்னலோரமாக, பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவர் ஜெபசுதா. வயது நாற்பத்து மூன்று. பிறந்த ஊர் சாயர்புரம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கணினியை வேலையில் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அந்த மேடையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பத்து வண்டி வந்தால் ஆறு வண்டி கோட்டைத் தாண்டி, முன்சக்கரம் மேடைக்கு வெளியே போய் நிற்கும். எடை தப்பாகும். மேற்பார்வையாளர் ஓட்டுநர்களைத் திட்டுவார், ஓட்டுநர்கள் பதிலுக்குத் திட்டுவார்கள். ஜெபசுதா இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் உப்பு லாரி ஓட்டும் சொரிமுத்துவிடம், “அண்ணாச்சி, உங்க சீட்ல நான் ஒருக்கா ஏறி உக்காந்து பாக்கட்டுமா?” என்று கேட்டார்.

“ஏறு தங்கச்சி. சாவிய மட்டும் தர மாட்டேன்.”

மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தால் மஞ்சள் கோடே தெரியவில்லை. வண்டியின் மூக்கு அதை மறைத்துவிட்டது. கீழே நின்று கோடு போட்டவர்கள் யாரும் மேலே ஏறிப் பார்த்திருக்கவில்லை. மறுநாள் ஜெபசுதா ஓட்டுநரின் கண் உயரத்துக்கு, அறைச் சுவரில் ஒரு சிவப்புப் பட்டையைத் தானே அடித்தார். அது கண்ணுக்கு நேராக வந்ததும் வண்டியை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு மேடையில் சத்தம் குறைந்தது. ஆறு பேர் ஒரே தப்பைச் செய்தால் தப்பு அந்த ஆறு பேரிடம் இல்லை என்பது அவருக்கு அன்றைக்குப் பிடிபட்டது.

லாரிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் அவர் கைபேசியில் ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். சிறுவயதில் ஆடியதே இல்லை. கொரோனா அடங்கிய வருடம், மேடை பாதி நேரம் காலியாகக் கிடந்தபோது, ‘பதினஞ்சு ஆடு’ என்ற இணையதளத்தில் பழகியதுதான். முகம் தெரியாத எவரோ மூன்று புலியை வைத்துக்கொள்வார். நாம் பதினைந்து ஆட்டை வைத்துப் புலிகளை நகர விடாமல் அடைக்க வேண்டும். இல்லையென்றால் நாம் புலி, அவர் ஆடு. ஜெபசுதாவுக்கு ஆடுதான் பிடிக்கும். புலியாக ஆடுபவருக்கு அவசரம் இருக்கும், ஆட்டுக்காரருக்குப் பொறுமை வேண்டும் என்பார். கணவர் நேசக்குமார் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் மின்வேலை செய்கிறவர். “எடை போடுத நேரம் போக மிச்ச நேரம் இவ ஆடு மேய்க்கா” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார்.

போன ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி முளைத்திருந்தது: ‘பாதியில் விட்டவர் – 4’.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது எதிராளியைக் காக்க வைத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு அந்தத் தளம் அந்த மாதம் முதல் புதிதாக வைக்கத் தொடங்கிய குறி அது. ஆட அழைக்கும்போது எதிராளிக்கு அது தெரியும். வேண்டாம் என்றால் மறுத்துவிடலாம். அன்று பிற்பகலில் ஏழு பேர் வரிசையாக மறுத்தார்கள். எட்டாவது ஆள் மறுத்ததோடு நிற்காமல், ‘ஓடுகாலியோட ஆட நேரம் இல்ல’ என்றும் எழுதிவிட்டுப் போனார்.

ஜெபசுதா பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட மாற்று ஆள் வராமல் நாற்காலியை விட்டு எழுந்தவர் இல்லை. ஆட்டத்திலும் தோற்றால் கடைசி ஆடு வரைக்கும் நின்று தோற்பவர். தன் பெயருக்குப் பக்கத்தில் அந்த வரி நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. நேசக்குமார், “வேற பேர்ல உள்ள போ. யாருக்குத் தெரியப் போவுது?” என்றார்.

“எனக்குத் தெரியும்லா” என்றார் ஜெபசுதா.

அந்தத் தளத்தில் ‘யோசனைப் பலகை’ என்று ஒரு பக்கம் உண்டு. ஆடுகிறவர்கள் தங்கள் குறைகளையும் விருப்பங்களையும் அங்கே எழுதலாம். வெயிலில் புலியும் ஆடும் ஒரே நிறமாகத் தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆட்டைப் புலி அடிக்கும்போது வரும் ‘மே’ சத்தத்தை நிறுத்த வழி வேண்டும், ஜெபக்கூட்டத்தில் மானம் போய்விட்டது என்று இன்னொருவர். ஜெபசுதாவும் எழுதினார்: ‘நான் ஆட்டம் முடியாமல் போனதில்லை. குறி தப்பாக விழுகிறது. தயவுசெய்து பார்க்கவும்.’

மூன்று நாளில் ஒரே ஒரு பதில் வந்தது. ‘தோக்கிறவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க.’

தப்பு எங்கே என்று அவருக்கே அப்போது தெரியாது. அதைக் காட்டிக்கொடுத்தவர் சொரிமுத்து. ஒரு காலையில் பார வண்டியை எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஜன்னலில் கை வைத்து நின்று பேசினார். ஓட்டப்பிடாரத்தில் மகள் வீட்டில் சடங்கு, இரண்டு நாள் வரமாட்டேன் என்றார். பேசி முடித்துத் திரும்பி நடந்தார்.

“வாரேன் தங்கச்சி.”

“வாங்க அண்ணாச்சி.”

வண்டி மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபசுதா எழுந்து நின்றுவிட்டார். “அண்ணாச்சி, நில்லுங்க! இப்ப என்ன சொன்னிய?”

சொரிமுத்து தலையை வெளியே நீட்டினார். “என்னத்தச் சொன்னேன்? வாரேன்னு சொன்னேன்.”

“வாரேன்னு சொல்லிட்டு எங்க போறிய?”

“ஏளா, உனக்கு என்ன ஆச்சு? வாரேன்னு சொல்லிட்டுப் போகாம, போறேன்னு சொல்லிட்டா போவாங்க? நல்லா இருக்கும்!”

தளத்தில் ஆட்டப் பலகைக்குக் கீழே ஒரு பெரிய பச்சைப் பொத்தான் இருக்கிறது. அதில் ‘வாரேன்’ என்று எழுதியிருக்கும். அவசர வேலை வந்தால் அதை அமுக்கலாம். கடிகாரம் பதினைந்து நிமிடம் நிற்கும், எதிராளி காத்திருப்பார். ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்பது அதன் பொருள். ஆனால் ஒரு ஆட்டம் முடிந்த கையோடு அதே எதிராளியுடன் அடுத்த ஆட்டத்தைத் தளம் தானாகவே தொடங்கிவிடும். போதும் என்று கிளம்புகிறவர் மேல் மூலையில் இருக்கும் எள்ளளவு பெருக்கல் குறியைத் தொட வேண்டும். ஜெபசுதா அதைத் தொட்டதே இல்லை. ஆட்டம் முடிந்ததும், ஆடியவரிடம் மரியாதையாக ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுக் கைபேசியை மூடிவிடுவார். அங்கே முகம் தெரியாத அந்த மனிதர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதினைந்து நிமிடமும் அவர் போகாமல் இருந்துவிட்டால் ஜெபசுதாவுக்கு ஒரு குறி விழும்.

உடனே அதைப் பலகையில் எழுத அவருக்குக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. தன் ஒருத்தியின் தப்பாகவும் இருக்கலாம் அல்லவா? சிவப்புக் குறி உள்ள நாற்பது பேரைத் தேடி எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினார்: ‘ஆட்டம் முடிந்து கிளம்பும்போது எந்தப் பொத்தானை அமுக்குவீர்கள்?’ கேள்வியில் ‘வாரேன்’ என்ற சொல் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். வந்தால் பதிலை அவரே எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும்.

ஒன்பது நாளில் முப்பத்து நான்கு பேர் பதில் எழுதினார்கள். இருபத்தேழு பேர் ‘வாரேன்’ என்றார்கள். சாத்தான்குளத்தில் ஆசிரியையாக இருக்கும் ஜெப்ஸி என்பவர், ‘வாரேன் சொல்லாமல் எழுந்து போவது பழக்கமில்லை’ என்று எழுதியிருந்தார். நான்கு பேர் கைபேசியை அப்படியே மூடுகிறவர்கள். இரண்டு பேர், தோற்கும்போது ஓடுவது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் பெருக்கல் குறியைத் தொடுகிறவர். அவருக்கு எப்படிக் குறி விழுந்தது என்று கடைசி வரை தெரியவில்லை. ஜெபசுதா எதையும் கூட்டாமல் குறைக்காமல், முப்பத்து நான்கையும் பலகையில் ஏற்றினார்.

மறுநாள் பகலில் ஒரு அழைப்பு வந்தது. தளத்தை நடத்துகிற கிருபாகரன். சொந்த ஊர் நாசரேத். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. ஓய்வு நேரத்தில் ஆசைக்காகச் செய்த தளம் இது.

“அக்கா, நான் நம்ம ஊர்ப் பேச்சு இருக்கட்டுமேன்னுதான் அந்தப் பட்டனுக்கு வாரேன்னு பேர் வச்சேன். நேத்து எங்கம்மா போன் பேசி முடிச்சு, வாரேன்னு சொல்லி வச்சாங்க. அப்பத்தான் தலையில அடிச்சுக்கிட்டேன். சின்னப் பிள்ளையில இருந்து கேக்கேன், ஒருநாளும் தோணல பாருங்க.”

“எனக்கும் தோணல தம்பி. இங்கன ஒரு அண்ணாச்சி சொன்ன பிறவுதான் தோணிச்சு.”

“ஈஸிதான். இன்னைக்கே மாத்துதேன். வாரேன் பக்கத்துலயே ‘போறேன்’னு இன்னொரு பட்டன் வச்சிருதேன்.”

“வைக்காதிய. யாரும் அமுக்க மாட்டாங்க.”

“ஏன்க்கா?”

“நீங்க அமுக்குவியளா?”

கிருபாகரன் அதற்குப் பிறகும் வைத்துத்தான் பார்த்தார். ஒரு வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஆட்டம் நடந்தது. ‘போறேன்’ பொத்தானைத் தொட்டவர்கள் பதினொரு பேர். ஒரு அம்மா பலகையில், ‘வெள்ளிக்கிழமையும் அதுவுமா போறேன்னு எழுதி வச்சிருக்கிற தளத்தை இப்பத்தான் பாக்கேன்’ என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

அடுத்த அழைப்பில் கிருபாகரன், “நீங்களே சொல்லுங்கக்கா, என்ன செய்யணும்?” என்றார்.

ஜெபசுதா தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னார். “வாரேன் எங்க இருக்கோ அங்கனயே இருக்கட்டும். எழுத்தும் மாற வேண்டாம், பச்சையும் மாற வேண்டாம். அத அமுக்குனா ஆள் கிளம்பியாச்சுன்னு அர்த்தம். அடுத்த ஆட்டம் தானா ஆரம்பிக்கக் கூடாது. அவசரத்துக்கு எந்திரிக்கிறவங்களுக்கு ‘கொஞ்சம் இருங்க’ன்னு தனியா ஒரு பட்டன். ஆட்டம் நடக்கும்போது அது மட்டும் தெரியணும், முடிஞ்ச பிறவு வாரேன் மட்டும் தெரியணும். ரெண்டும் ஒரே நேரத்துல கண்ணுல படக்கூடாது.”

“அப்ப ஆட்டத்துக்கு நடுவுல நிசமாவே ஓடணும்னு நினைக்கிறவங்க?”

“அவங்களுக்கு வழி நாம எதுக்குப் போட்டுக் குடுக்கணும்? அவங்களே போவாங்க.”

கிருபாகரன் சத்தமாகச் சிரித்தார். நான்கு நாளில் மாற்றி முடித்தார். இரண்டு வாரம் ஜெபசுதா தினமும் புதிதாக விழும் குறிகளைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வந்தார். முன்பு நாளுக்கு இருபது விழுந்த இடத்தில் மூன்று, சில நாள் இரண்டு. நேசக்குமார் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “பரவால்ல ஏளா, ஆடு மேய்ச்சதுக்கு ஒரு பலன் இருக்கு” என்றார்.

பிறகு கிருபாகரன் பழைய குறிகளை அழிக்கத் தொடங்கினார். ‘வாரேன்’ அமுக்கியதால் விழுந்தது எது என்று பழைய பதிவுகளில் பார்க்க முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று முடிவு செய்தார். அழிக்கும் முன், கணக்கு சரியா என்று பார்க்கச் சொல்லி, ஜெபசுதாவின் நான்கு குறிகளும் விழுந்த தேதியையும் நேரத்தையும் அவருக்கு அனுப்பினார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபசுதா அதைப் படித்தார். முதல் மூன்றும் வேலை முடியும் நேரம். மாலை ஆறை ஒட்டி விழுந்தவை. கடைசி ஆட்டத்தை முடித்து, வாரேன் சொல்லிக் கிளம்பியிருக்கிறார். நான்காவது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. அந்த நேரத்தில் அவர் ஆட்டத்தை முடித்துக் கிளம்ப வாய்ப்பே இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நினைவு வந்துவிட்டது. எதிரே ஆடியவர் ஒரு ஆட்டை அடிக்கும்போதெல்லாம் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டார். ஏழாவது ஆடும் போனபோது ஜெபசுதா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வண்டி எதுவும் வரவில்லை. கோபம்தான். அதை மறந்தே போயிருந்தார். ‘நான் ஆட்டம் முடியாமல் போனதில்லை’ என்று பலகையில் எழுதியதும் அவர்தான்.

சோற்றை மூடி வைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பேசினார்.

“தம்பி, மூணுதான் தப்பு. நாலாவது நான்தான் ஓடுனேன்.”

“அக்கா, எல்லாருக்கும் மொத்தமா அழிக்கேன். உங்களுக்கு மட்டும் எதுக்கு? ஒண்ணுதானே, போவட்டும்.”

“எடை தப்பா விழுந்தா நான் சீட்டக் கிழிச்சுட்டு வேற போடுவேன். சரியா விழுந்தத என்னால கிழிக்க முடியாது. அது இருக்கட்டும்.”

“மத்தவங்க சுத்தமா இருப்பாங்க, நீங்க மட்டும் செவப்பா நிப்பிய. யாரும் ஆட வரலன்னா?”

“வாரவங்க வரட்டும்.”

பலகையில் தான் எழுதிய பழைய வரிக்குக் கீழே அன்றைக்கே ஒரு திருத்தமும் எழுதினார்: ‘ஒரு முறை போயிருக்கிறேன். மற்ற மூன்றும் தப்பு.’

அடுத்த நாள் காலை லாரிகள் போய் மேடை ஓய்ந்ததும் தளத்துக்குள் போனார். பெயருக்குப் பக்கத்தில் ‘பாதியில் விட்டவர் – 1’ என்று இருந்தது. முதல் ஆள் மறுத்தார். இரண்டாவது ஆளும் மறுத்தார். மூன்றாவது ஆள் அழைப்பை ஏற்றுக்கொண்டு, புலியை எடுத்துக்கொண்டார்.

‘எல்லாருக்கும் அழிச்ச பிறவும் பழைய குறியோட நிக்கிறது நீங்க ஒருத்தர்தான். என்ன செஞ்சீங்க?’ என்று எழுதினார்.

‘ஏழு ஆடு போச்சு. கோபம் வந்து எந்திரிச்சுட்டேன்’ என்று ஜெபசுதா எழுதினார்.

‘இன்னைக்கு?’

‘கடைசி ஆடு வரைக்கும் இருப்பேன்’ என்று எழுதிவிட்டு, முதல் ஆட்டை வைத்தார்.

அன்று அவர் தோற்றார். முழுதாக ஆடித் தோற்றார். பலகைக்குக் கீழே பச்சைப் பொத்தான் தெரிந்தது. வாரேன் சொன்னார். அங்கிருந்து ‘வாங்க’ என்று பதில் வந்தது. வெளியே உர லாரி ஒன்று மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. ஜெபசுதா கைபேசியை வைத்துவிட்டு, திரையில் எடை எண் அசையாமல் நிற்பதற்காகக் காத்திருந்தார்.