சட்டையிலிருந்து விழுந்த புள்ளி

என் மைதானத்தைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடும். பதினோரு வருஷமா அந்தப் புல்லோட மல்லுக்கட்டுறவன் நான். அதனாலதான் அந்த ஞாயித்துக்கிழமை, மேட்ச் முடிஞ்ச கையோட, கேலரிக்கு அடியில இருக்கிற சட்டை ரூமுக்குச் சண்டை போடப் போனேன். எங்க ஃபுட்பால் கிளப் ஆளுங்க ஏழு பேர் நெஞ்சுல "முழு சகதி"ன்னு எழுதிக்கிட்டு டிவியில ஆடிட்டாங்க.

நடந்தது இதுதான். அந்த சீசனுக்கு ஒரு பேட்டரி கம்பெனி ஸ்பான்சர். அவங்க பேட்டரி மஞ்சள்ங்கிறதால, காலங்காலமா நீலத்துல ஆடின எங்களையும் மஞ்சளாக்கிட்டாங்க. நெஞ்சுல "முழு சக்தி"ன்னு போடணும்னாங்க. அதைப் போடுறவர் சட்டை ரூம் அண்ணன். துவைக்கிறது, காயப்போடுறது, எழுத்து ஒட்டுறது எல்லாம் அவர் ஒருத்தர்தான். எழுத்துங்க பெரிய பெரிய துண்டு, சூட்டு மெஷின்ல வெச்சு அழுத்தினா கெட்டியாப் பிடிச்சுக்கும். "க்" மேல வர்ற புள்ளி மட்டும் தனித் துண்டு, பொத்தான்ல பாதி இருக்கும். அன்னைக்குன்னு பார்த்து மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. விழுந்து புரண்டு ஆடினதுல இடைவேளைக்குள்ளயே ஏழு புள்ளி என் புல்லுக்குள்ள போயிடுச்சு. புள்ளி போனா சக்தி சகதிதானே. மூஞ்சி முழுக்கச் சேறோட நின்ன கேப்டன் போட்டோ உலகம் பூரா போன் போனாச் சுத்திச்சு.

"ஏண்ணே, என் கிரவுண்டை சகதின்னு நெஞ்சுல எழுதி ஊர்வலம் விட்டுட்டீங்களே, நல்லா இருக்கா இது?"ன்னு கத்தினேன்.

அவர் ஈரச் சட்டைகளை எண்ணிக்கிட்டு இருந்தார். "மன்னிச்சுக்க தம்பி. சூடு பத்தலை"ன்னார். அவ்வளவுதான். சண்டைக்கு வந்தவன்கிட்ட மன்னிப்பு கேட்டா அவன் என்னதான் செய்வான். வந்த வழியே திரும்பினேன். மறுநாள்ல இருந்து கிளப்புல எல்லாரும் அவரைப் புள்ளி அண்ணன்னுதான் கூப்பிட்டாங்க.

அதுவரைக்கும் அவர்கிட்ட நான் பெருசா பேசினது கிடையாது. யாருமே பேசினது கிடையாது. மேட்ச் இல்லாத நாள்லயும் ஜன்னல் இல்லாத அந்த ரூம்லதான் கிடப்பார். துணியே இல்லாம வாஷிங் மெஷினை ஓட விட்டிருப்பார். ஏன்னு கேட்டா, "சத்தம் இருக்கட்டுமே"ம்பார். கழண்ட கேஸுன்னு நினைச்சிருந்தேன்.

அப்படிப்பட்ட மனுஷன் மறுநாள் காலையில என்னைத் தேடிக் கிரவுண்டுக்கே வந்து போனை நீட்டினார். அதுல ரெண்டே வார்த்தை. "புள்ளி எங்கே?"

"எவன்ணே இது, நக்கல் பண்றது?"

"என் பொண்ணு. நாலு வருஷம் கழிச்சு எழுதியிருக்கா."

பொண்ணு வெளிநாட்டுல வேலை. அம்மா செத்தப்போ விமானம் கிடைக்காம ரெண்டு நாள் தாமதமா வந்து நின்னிருக்கா. இவர் வந்திருந்த சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும், "இப்பதான் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"ன்னு கேட்டுட்டார். காரியம் முடிஞ்சதும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனவதான்.

"சின்ன வயசுல வீட்டுப்பாடம் எழுதுறப்போ புள்ளியே வைக்க மாட்டா. நான் பின்னாடி நின்னு, புள்ளி எங்கே, புள்ளி எங்கேன்னு உசுரை வாங்குவேன். எல்லாத்தையும் வெச்சாலும் கடைசி வார்த்தையில ஒண்ணை விட்டுடுவா. எழுந்து ஓடுற அவசரம்."

"சரி, நீங்க என்ன பதில் போட்டீங்க?"

காட்டினார். முழ நீளத்துக்கு எழுதியிருந்தார். பசை எத்தனை டிகிரியில இளகும், எத்தனை விநாடி அழுத்தணும், மழையில ஏன் விட்டுப்போகும்னு ஒண்ணு விடாம. "நல்லா இருக்கியா"ன்னு ஒரு வார்த்தை இல்லை. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அதுக்கு அவ பதிலே போடலை.

பேட்டரிக்காரங்க பாதி சீசன்லயே கழண்டுக்கிட்டாங்க. அடுத்து மெத்தை கம்பெனி வந்துச்சு. வெளிர் ஊதாச் சட்டை, நெஞ்சுல "நிம்மதியான தூக்கம்". நாங்க கோல் வாங்குறப்போ எல்லாம் எதிர் கூட்டம், "எழுப்பாதீங்கப்பா, பாவம் தூங்கட்டும்"னு பாடும். எனக்கு உடம்பெல்லாம் எரியும். புள்ளி அண்ணன் அதைக் காதுலயே போட்டுக்கலை. இருபத்தஞ்சு சட்டை, ஒரு சட்டைக்கு மூணு புள்ளி, எழுபத்தஞ்சையும் ஊசி நூலால சுத்தித் தைச்சார். ஒரு புள்ளி விழலை. போன்ல ஒரு வார்த்தை வரலை.

மேட்ச் முடிஞ்சு நான் கோடு போடுற வண்டியை உள்ள வைக்கப் போனா, மெஷின் பக்கத்துல போனை மல்லாத்தி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். "வந்துதா?"ன்னு கேட்பேன். "சட்டையில ஒண்ணும் கோளாறு இல்லையே தம்பி, எப்படி வரும்"ம்பார். அதைக் கேட்டு வர்ற எரிச்சல்ல, "நீங்களே கூப்பிட்டுப் பேசித் தொலைங்களேன்"னு கத்துவேன். கூப்பிட்டு, அவ எடுக்காம விட்டா என்ன செய்யிறதுன்னு கேட்பார். நான் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிடுவேன்.

சீசனோட கடைசி மேட்சையும் டிவியில காட்டினாங்க. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சட்டை ரூமுக்குள்ள போறேன், கையில பிளேடோட கேப்டன் சட்டையில நூலை அறுத்துக்கிட்டு இருக்கார்.

"என்ன காரியம்ணே இது? தெரிஞ்சா வேலை போயிடும்."

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி."

நான் யார்கிட்டயும் சொல்லலை. கேப்டன் "நிம்மதியான தூககம்"னு போட்டுக்கிட்டுத் தொண்ணூறு நிமிஷம் ஓடினார். ரெண்டு கோல் வேற போட்டார், கேமரா அவர் நெஞ்சை விட்டு நகரலை. ஆனா சக்தி சகதியான மாதிரி தூக்கம் வேற எதுவாவும் ஆகலையே. ஒரு ஈ காக்கா கவனிக்கலை. முடிஞ்சதும் அண்ணன் என்கிட்ட ஓடி வந்து கேட்டார்: "யாராவது சிரிச்சாங்களா?"

இல்லைன்னு தலையை ஆட்டினேன்.

அப்புறம் ரெண்டு வாரம் கிளப்புல ஆள் நடமாட்டமே இல்லை. மெத்தைக்காரங்களும் அடுத்த வருஷம் வேண்டாம்னுட்டாங்க. அடுத்த சீசன் சட்டைக்கு சாம்பிள் ஒண்ணு வந்திருந்துச்சு, பழைய நீலம், நெஞ்சு காலி. அதை மேசையில விரிச்சு வெச்சுக்கிட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடலை. அது எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு.

"எழுதிட்டேன் தம்பி"ன்னு போனைக் கொடுத்தார்.

"சாபபிடடியா நலலா இருககியா அபபா"

அஞ்சு இடத்துல புள்ளி வரணும். எழுதுற வயசுல பொண்ணை ஒரு புள்ளிக்காகப் படுத்தின மனுஷன், அஞ்சுல ஒண்ணு கூட வைக்கலை. நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "ரூம்ல ஒரே சோப்புத்தூள் நெடி"ன்னேன். "எப்ப அனுப்பினீங்க?"

"நேத்து காலையில."

போனைத் திருப்பிக் கொடுக்கப் போறேன், கையிலயே ஒரு அதிர்வு. பொண்ணுதான். எழுத்து ஒண்ணும் இல்லை. வெறும் புள்ளி, வரிசையா. அண்ணன் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வெச்சுக்கிட்டு விரலால ஒவ்வொண்ணாத் தொட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். முகமெல்லாம் தண்ணியா வழியுது.

"நாலுதான் இருக்கு தம்பி"ன்னார். "அப்பாவுக்கு வைக்கலை. கடைசியில ஒண்ணை விடுற புத்தி இன்னும் போகலை பாரு."

சட்டைக் கையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "ஒண்ணு குறையுது"ன்னு அவளுக்கு எழுத ஆரம்பிச்சார். இந்தத் தடவை புள்ளி வெச்சுத்தான் எழுதினார்.