ரோஷத்துக்குச் சோறு

வேலை செய்த இடங்களிலெல்லாம் அவரை ரோஷக்காரர் என்றுதான் சொல்வார்கள். காதுபடச் சொன்னாலும் அவருக்குக் கோபம் வராது. கோபம் வராத ஒரே வார்த்தை அதுதான்.

லிஃப்ட் மெக்கானிக். அவர் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் மூக்குக்கு மேல் இருந்த கோபத்தில்தான். கல்யாணமான புதிதில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் "டேய்" என்று கூப்பிட்டுவிட்டார். இவர் ஸ்பேனரை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த கம்பெனியில் இருந்தபோது, ஒரு குடியிருப்பில் பக்கத்து லிஃப்ட்டில் ஏறப்போனவரிடம் செயலாளர், "வேலைக்காரங்க லிஃப்ட்ல வரக்கூடாது, படியில போங்க" என்றார். பிரித்துப்போட்ட லிஃப்ட்டை அப்படியே விட்டுவிட்டு, படியிறங்கி நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வேலையும் போயிற்று.

இந்தக் கதைகளை அவர் சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும். சின்ன வயதில் மகள் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த டேய் கதை சொல்லுப்பா" என்பாள். "மனுஷனுக்குத் தன்மானம்தாம்மா முக்கியம். மத்ததெல்லாம் அப்புறம்" என்று முடிப்பார்.

மத்ததையெல்லாம் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுந்ததால், தற்காலிகமாக என்று சொல்லிச் செருப்புக்கடையில் சேர்ந்தாள். மகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்கும் போய்விட்டாள். தற்காலிகம் முடியவில்லை. காலையில் அவள் கிளம்பும்போது இவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அங்கே என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. யாராவது விசாரித்தால், "கடையில கணக்கு பாக்கறா" என்பார். அப்படி அவராகவே வைத்துக்கொண்டார்.

ஒருநாள் முற்பகலிலேயே வேலையை விட்டுவிட்டு வந்தார். காரணம் வழக்கமானதுதான், யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். வீட்டுச் சாவியை எடுத்துப் போக மறந்திருந்தார். மனைவியிடம் இன்னொன்று இருந்ததால் கடைக்குப் போனார். அத்தனை வருஷத்தில் அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான்.

கல்லாவில் வேறு யாரோ இருந்தார்கள். அவள் உள்ளே, ஒரு சோபாவுக்கு முன்னால் தரையில் முட்டி போட்டிருந்தாள். சோபாவில் இருபது வயதுப் பையன் ஒருவன் காலை நீட்டிக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பாதத்தைப் பிடித்து ஷூவுக்குள் நுழைத்தாள்.

"ஒன்பதுன்னு எத்தனை தடவை சொல்றது? காது கேக்காதா உனக்கு?" என்று அவன் காலை உதறினான். ஷூ கழன்று அவள் மடியில் விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க சார், இதோ மாத்திக் கொண்டுவரேன்" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. பாய்ந்து போய்ப் பையனின் சட்டையைப் பிடித்தார். ஷூப்பெட்டிகள் சரிந்தன. கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் ஓடிவந்து, "யாருய்யா இந்த ஆளு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் சார்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எழுந்திரு! இந்தப் பொழப்பு வேணாம், வா போகலாம்" என்றார் இவர்.

"நீங்க வீட்டுக்குப் போங்க."

"உனக்கு மானம் ரோஷம் எதுவும் இல்லையா?"

அவள் திரும்பிக்கொண்டாள். சரிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அடுக்கி முடித்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் வாசற்படியில் நின்று, அவளுக்காகத்தான் சண்டை போட்டதாக விளக்கிக்கொண்டிருந்தார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்காக ஒண்ணும் போடல. என்னைப் பாத்ததும் உங்களுக்கு அசிங்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். ரோஷம் இல்லையான்னு கேட்டீங்களே, எனக்கும் வந்துச்சுங்க. தினம் தினம் வந்துச்சு. ரெண்டு பேருமே ரோஷப்பட்டா அடுப்பு எரியுமா? இத்தனை வருஷமா உங்க ரோஷத்துக்குச் சோறு போட்டது என் முட்டிக்கால்தான்."

அவர் கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா. அப்பா பண்ணது தப்பா?"

மகள் புத்தகத்தை மூடினாள். "அம்மா முட்டிக்குத் தினமும் நான்தான்பா தைலம் தேச்சுவிடறேன். கணக்கு பாக்கறவங்களுக்கு ஏன் முட்டி தேயுதுன்னு நீங்க கேட்டதே இல்லையே."

மறுநாள் காலையில் மனைவி வேறு வேலை தேடத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டார். மதியம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு செருப்புக்கடைக்குப் போனார். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரு மாதிரி வாய்க்குக் கொண்டுவந்தார்.

"தப்பு என்மேலதான் சார். மன்னிச்சுடுங்க. அவளைத் திரும்பச் சேத்துக்கங்க."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க காலையிலேயே வந்துட்டாங்களே. உள்ள குடோன்ல இருக்காங்க. சம்பளம் கொஞ்சம் கம்மி. நீங்க இனிமே கடைப்பக்கமே வரமாட்டீங்கன்னு அவங்க சொன்னதாலதான் சேத்தேன். இப்ப வந்து நிக்கறீங்க? அவங்க பாக்கறதுக்குள்ள கிளம்புங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தலை குனிந்திருந்தார். அது யாருக்கும் தேவைப்படவில்லை.

பிறகு ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே சூப்பர்வைசருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். முதல் வாரமே, "என்னய்யா பெருசு, தூங்குறியா?" என்றான். இவர் கையிலிருந்த ஸ்குருடிரைவரை இறுகப் பிடித்துக்கொண்டு, "இதோ முடிச்சுடறேன் சார்" என்றார். சாயங்காலம்வரை அங்கேயே வேலை செய்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் அதைச் சொன்னார். எதை எதிர்பார்த்துச் சொன்னார் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. அவள் குத்திக் காட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சொல்வதுபோல, "முதல் ரெண்டு மாசம் அப்படித்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து அழுகையா வரும். அப்புறம் பழகிடும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.

அவளுடைய அந்த முதல் இரண்டு மாதங்களை அவர் நினைத்துப் பார்த்தார். அவள் எங்கே அழுதாள், அடுப்படியிலா, குளியலறையிலா? அவள் முகம் எப்படி இருந்தது? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்த நாட்களில் தான் யார் யாரோடு சண்டை போட்டோம் என்பது மட்டும் வரிசையாக ஞாபகம் வந்தது.