துருவலைப் பாட்டின் மூன்று தட்டுகள்

என்னிடம் உள்ள ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “தை மாதம், ஞாயிறு. பாட்ஸ்பியோர்ட். சூரியன் இல்லை. துருவலைப் பாட்டுப் பிரதி எடுத்தோம். நடுவில் கதவு தட்டப்பட்டது.” எதற்கும் திகதி கேட்டு மற்றவர்களின் பொறுமையைச் சோதிக்கிற நான், இதில் வருடத்தை எழுத மறந்திருக்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி என்பதற்கு மேல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

துருவலைப் பாட்டு அறுபதுகளின் கடைசியில் கொழும்பில் பதிவானது. பகலில் கந்தோர்களில் எழுதுவினைஞர்களாக இருந்த ஐந்து யாழ்ப்பாண இளைஞர்கள், மாலையில் கிற்றாரும் பொங்கோவுமாகக் கூடி அதை உருவாக்கினார்கள். கதை மிகச் சின்னது. தனியறையில் வாடகைக்கு இருக்கும் ஒருவன், தேங்காய் துருவ வேண்டுமென்று பக்கத்து வீட்டில் துருவலை இரவல் வாங்குகிறான். திருப்பிக் கொடுக்கப் போகிறான், பெண்ணைப் பார்க்கிறான், மறுநாளும் இரவல் கேட்கிறான். அவனுடைய அறையில் தேங்காயே கிடையாது என்பது கடைசி அடியில்தான் தெரியவரும்.

பதிவு நடந்த இடத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒரே ஒரு ஒலிவாங்கி, எதிரொலியை அடக்கச் சுவரில் சாத்திய மெத்தைகள், சத்தம் அதிகம் என்பதால் வாசலோரம் ஒதுக்கி இருத்தப்பட்ட பொங்கோக்காரர் என்பவை எல்லாக் கதைகளிலும் வரும். கிலுகிலுப்பையாக ஆட்டியது பயறு போட்ட பால்மா டின் என்பதை நான் நெடுங்காலம் நம்பவில்லை. எப்படியோ பாட்டு வானொலிக்குப் போய், அங்கிருந்து கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளுக்கும் பஸ்களுக்கும் போனது. பிறகு நாங்கள் எங்கெங்கே போனோமோ அங்கெல்லாம் வந்து சேர்ந்தது. இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ அது ஒலிக்காத தமிழ்க் கலியாணத்தைப் பார்ப்பது கடினம்.

ஆனால் நோர்வேயில் மட்டும் அது வேறு மாதிரி. இரண்டாவது அடி முடிந்ததும் இங்கே பாட்டு நின்றுவிடும். மண்டபத்தில் உள்ள அத்தனை பேரும் மேசையில் மூன்று முறை தட்டுவார்கள். அதன் பிறகுதான் மூன்றாவது அடி. இங்கே பிறந்த பிள்ளைகள் மூன்று வயதிலேயே அதைச் சரியான இடத்தில் தட்டுவார்கள். இசைத்தட்டில் அப்படி ஒரு தட்டே இல்லை.

அது வந்த விதம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அறையில் நானும் இருந்தேன். நோர்வேயின் வடகோடித் துறைமுக ஊரான பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டும் தொழிற்சாலையின் விடுதியில் எங்கள் எல்லோருக்குமாக இருந்தது ஒரே பாட்டுக் கசெட். அதன் சொந்தக்காரர் அன்று மாலைக் கப்பலில் தெற்கே போகவிருந்தார். என் நண்பர் இரண்டு கசெட் பெட்டிகளை நேருக்கு நேர் வைத்து, சுற்றிவரத் தலையணை அடுக்கி, எல்லோரையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொல்லிப் பிரதி எடுத்தார். துருவலைப் பாட்டில் இரண்டாவது அடி முடிகிற நேரம் படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம். நண்பர் பதறிப்போய்ப் பாடுகிற பெட்டியை நிறுத்தினார். பதிகிற பெட்டியை நிறுத்துவதற்குள் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. படகு வந்துவிட்டது, வேலைக்கு வாருங்கள் என்று கூப்பிட வந்த மேற்பார்வையாளர் அவர். அறையின் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மிச்சப் பாட்டும் பதிந்து முடியும்வரை வாசலிலேயே நின்றார், நல்ல மனிதர். திரும்ப எடுக்க நேரம் இருக்கவில்லை. மூலக் கசெட் மாலையில் கப்பலேறியது.

அந்தப் பிரதியிலிருந்துதான் பேர்கனுக்கும் ஒஸ்லோவுக்கும் மற்ற ஊர்களுக்கும் பிரதிகள் போயின. சரியான பாட்டு இணையத்தில் கிடைத்த காலத்தில் எங்கள் கைகள் பழகிவிட்டிருந்தன.

நண்பர் பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டுநரானார். கலியாணங்களில் துருவலைப் பாட்டைப் பாடுகிறவரும் அவர்தான். அதற்கென்றே அவருக்கு அழைப்பு வரும். அப்படிப்பட்டவர், போன வருடம் தன் மகளின் கலியாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு முகம் செத்துப்போய் வந்தார். மாப்பிள்ளை ரொறன்ரோப் பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பப்பாவும் விமானமேறி வருகிறாராம். அவர் யாரென்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

“அண்ணை, பொங்கோ அடிச்சவர் அவர்தான்,” என்றார்.

அவருடைய கவலை எனக்கு உடனே விளங்கியது. பாட்டை உருவாக்கிய ஐவரில் மிஞ்சியிருப்பவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, சம்பந்தி வீட்டார் எல்லோரும் பார்த்திருக்க, அவருடைய பாட்டைப் பாதியில் முறித்து மேசையில் தட்டுவதா? மகளின் புகுந்த வீட்டுக்காரர் முதன்முதலாகத் தன்னைப் பார்க்கும்போது, ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகப் பாடத் தெரியாதவன் என்றல்லவா நினைப்பார்கள் என்று அவர் கேட்டார். அந்தக் கசெட்டைப் பிரதி எடுத்தவரும் அவரே என்பது அவர் சங்கடத்தை இரட்டிப்பாக்கியது.

நிற்காமல் பாடிப் பழகுவதென்று முடிவெடுத்தார். கீபோர்ட் வாசிக்க, என் கட்டடத்தில் குடியிருக்கும் சென்னைக்காரர் ஒருவரைப் பிடித்தோம். மென்பொருள் வேலை, வாசிப்பதில் மகா சூரர். இணையத்திலிருந்த மூலப் பதிவைக் கேட்டு அப்படியே வாசித்தார். நண்பர் இரண்டாவது அடியை முடித்தார், நின்றார், கை தானாகப் போய் மேசையைத் தட்டியது.

“என்ன சார், யாராவது வர்றாங்களா?” என்று கேட்டார் சென்னைக்காரர், கதவைத் திரும்பிப் பார்த்தபடி.

பத்துத் தரமாவது முயன்றிருப்போம். கையைக் கட்டிக்கொண்டு பாடினால் கால் தட்டியது. பஸ் ஓட்டும்போது மனதுக்குள் பாடிப் பார்த்ததாகவும், சிவப்பு விளக்கில் சுக்கானைத் தட்டியதாகவும், பின்னாலிருந்த தமிழ்க் கிழவர் ஒருவர் மூன்றாவது அடியை எடுத்துக் கொடுத்ததாகவும் சொன்னார். ஒருவாறு பழகியபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. அவர் நிற்காவிட்டாலும் மண்டபம் நிற்குமே. ஒஸ்லோ ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன்.

அதைக் கேட்ட மகள் மறுத்துவிட்டாள். “தட்டாமல் பாடுறதெண்டால் என்ர கலியாணத்துக்கு அந்தப் பாட்டே வேண்டாம்,” என்றாள்.

“அவையளுக்கு முன்னால வெட்கக்கேடு, பிள்ளை.”

“அப்பா, இதைத் திருத்தப் போறதுதான் பின்லி.”

பின்லி என்பது மானம் போகிற காரியங்களுக்கு எங்கள் பிள்ளைகள் வைத்திருக்கும் நோர்வேஜியச் சொல். அதைத் தகப்பன்மார் தங்களைப் பற்றி அடிக்கடி கேட்பதுண்டு.

கலியாணம் நல்ல வெயில் நாளில் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து நண்பர் மேடையேறும்வரை, தட்டுவதா விடுவதா என்பது முடிவாகவில்லை. நீங்கள் நின்றால் நானும் நிற்கிறேன், போனால் நானும் போகிறேன் என்று சென்னைக்காரர் மட்டும் உறுதி சொல்லியிருந்தார். பெரியவர் முன்வரிசை மேசையில் இருந்தார். மெலிந்த உடல், நல்ல வெள்ளைத் தலை, இரண்டு கையிலும் கரண்டி. பாட்டுத் தொடங்கியதும் தண்ணீர்ப் போத்தலில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது அடி முடிந்தது. நண்பர் நிற்கவில்லை. மூன்றாவது அடியின் முதற்சொல்லை எடுத்தார். ரொறன்ரோ மேசைகள் அவரோடு போயின. ஒஸ்லோ மேசைகள் ஒன்று தவறாமல் நின்றன. மண்டபத்தின் முக்கால்வாசி டொக், டொக், டொக் என்று தட்டியது. எல்லோரிலும் பலமாகத் தட்டியது மணமேடையிலிருந்த மணப்பெண். ரொறன்ரோக்காரர் ஒருவர் ஒருவராகத் தடுமாறி ஓய்ந்தார்கள். கீபோர்ட்டும் நின்றது. நண்பர் வாய் திறந்தபடி நின்றார்.

அப்போது பெரியவர் கரண்டிகளால் போத்தலில், பொங்கோ அடிப்பதுபோல், ஓர் உருட்டு உருட்டினார். மூன்றாவது தட்டு முடிந்து சரியாக எங்கே வரவேண்டுமோ, அங்கே. நண்பர் அந்த உருட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது அடிக்குள் போனார். மண்டபம் முழுவதும் கூடவே போனது. பாட்டை இரண்டாம் தரம் பாடியபோது ரொறன்ரோ மேசைகளும் தட்டின, கொஞ்சம் பிந்தி.

இறங்கியதும் நண்பர் நேரே பெரியவரிடம் போனார். நானும் பின்னால் போனேன். பாட்ஸ்பியோர்ட் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, அது தன்னால் வந்த பிழை, மன்னிக்க வேண்டும் என்றார்.

பெரியவர் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, “பிழையோ?” என்றார். “முதல் தரம் பதியேக்க நாங்களும் அதிலை நிண்டனாங்கள். வாசலோரம் இருந்த நான்தான் கதவிலை தட்டினனான். பாட்டு நீண்டுபோச்சு, இசைத்தட்டின்ர ஒரு பக்கத்துக்குள்ள அடங்காதெண்டு பதிவுகாரர் அதை எடுக்கச் சொல்லிப்போட்டார்.”

நண்பர் நம்பமுடியாமல் பார்த்தார். “உண்மையாத்தானோ ஐயா?”

“துருவலை குடுக்கப் போறவன் கதவைத் தட்டாமல் உள்ளுக்கை போவனோ, தம்பி?”

நண்பரின் முகத்தில் அன்று பார்த்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூன்று வாரம் தொலைந்துபோயிருந்த மனிதர் திரும்பி வந்து, உடனேயே எல்லா மேசைகளுக்கும் போய் அதைச் சொல்லத் தொடங்கினார். மாலைக்குள் அது சரித்திரமாகிவிட்டது. நோர்வேத் தமிழர் தட்டுவதுதான் மூல வடிவம் என்று இப்போது ரொறன்ரோவிலும் சொல்கிறார்களாம்.

என் சுபாவம் என்னை விடவில்லை. மறுநாள் பெரியவரிடம் போய்ப் பதிவு நடந்த மாதம், வருடம், கூட இருந்தவர்கள் என்று கேட்டேன். பால்மா டின் உண்மை, ஆனால் உள்ளே பயறு இல்லை, உளுந்து என்றார். மாதம் ஞாபகமில்லை. முதற்பதிவு நாடாவின் மேல் வேறு பாட்டைப் பதிந்துவிட்டார்களாம். மற்ற நால்வரும் உயிரோடு இல்லை. சாப்பாட்டுக்கு முன் மணப்பெண் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் குனிந்து கதைத்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருந்தேன். அவளிடம் கேட்டபோது, தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டதாக மட்டும் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள்.

முதற்பதிவில் நிறுத்தமும் மூன்று தட்டுகளும் இருந்தன என்பது ஒருவரின் வாய்மொழி மட்டுமே. இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.