முப்பத்து நாலு பல் சக்கரம்

ஊரில் யாருக்கு நல்லது நடந்தாலும் கன்னியப்பனுக்கு வயிறு எரியாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனுஷனைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். பக்கத்துக் கடைக்காரர் மாடி எடுத்துக் கட்டினார்; கன்னியப்பன் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தார். தங்கை மகன் துபாய்க்குப் போனான். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்ததே இவர்தான். அவருக்கு இருந்த வயிற்றெரிச்சல் மொத்தத்தையும் ஒரே ஒரு ஆளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அந்த ஆள் பிரேம்நாத்.

இரண்டு பேரும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், டை ரூமில், இருபத்திரண்டு வருஷம் எதிரெதிர் பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். தோலை ஷூ அளவுக்கு வெட்டுகிற இரும்பு அச்சுதான் டை. பட்டை இரும்பை வளைத்துப் பற்றவைத்து, அரத்தால் ராவி ராவி விளிம்பு எடுக்க வேண்டும். கம்பெனி புது மெஷின் இறக்கியதும் டை ரூமைப் பூட்டினார்கள். இரண்டு பேரும் சைக்கிள் கடை போட்டார்கள். கன்னியப்பன் மாதனூர் போகிற ரோட்டில், பிரேம்நாத் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.

அதுவரை வயிற்றெரிச்சல் எதுவும் இல்லை. அது வந்தது ஃப்ரீவீலால்.

இந்தப் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப் முதலாளிகள் வீட்டில் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டு ரேஸ் சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கும். அவற்றைத் தேடிப் பிடித்து ஓட்டுவதற்கென்றே இப்போது வேலூரிலும் பெங்களூரிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. சைக்கிள் என்னவோ அழகுதான். மேட்டைக் கண்டால் மட்டும் நொண்டியடிக்கும். பின்சக்கரத்து ஃப்ரீவீலில் சின்னதும் பெரியதுமாக ஐந்து பல்சக்கரம் இருக்கும். பெரியதற்கே இருபத்தெட்டுப் பல்தான். ஏலகிரி மாதிரி மலை ஏற முப்பத்து நாலு பல்லாவது வேண்டும். புதுச் சாமான் பழைய சக்கரத்தில் உட்காராது. அதனால் நாலைந்து பழைய ஃப்ரீவீலைப் பிரித்து, ஒன்றிலிருந்து சின்னது, இன்னொன்றிலிருந்து பெரியது என்று பொறுக்கி, உள்பக்கத்தில் வெட்டியிருக்கிற காடிப் பள்ளங்களை அரத்தால் ராவிச் சரிசெய்து, ஒரே உடம்பில் கோக்க வேண்டும். பதினாலில் தொடங்கி முப்பத்து நாலு வரை. சமதள ரோட்டிலும் பறக்கும், மலையும் ஏறும்.

இதை முதலில் செய்தது கன்னியப்பன். சத்தியமாக அவர்தான். செய்த கையோடு ஒரு சாயங்காலம் டீக்கடையில் பிரேம்நாத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மூடி வளையத்தில் மரை தலைகீழாக இருக்கும், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பது வரைக்கும். பிரேம்நாத் அதைத் தன் கடையில் செய்து, போனில் வீடியோவும் எடுத்துப் போட்டுவிட்டார். வீடியோவில், "நாங்க இப்படித்தான் பண்றோம்" என்று ஒரு வார்த்தை வரும். அதைக் கன்னியப்பன் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று கணக்கே இல்லை. நாங்கன்னா யாருடா, பேரைச் சொன்னா நாக்கு அழுகிடுமா என்று போனைப் பார்த்துக் கேட்பார்.

அதற்குப் பிறகு பெங்களூர்க் கார்கள் கூரைமேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து, இவர் கடை முன்னால் நிற்கும். இவர் முகம் மலர எழுந்திருப்பார். கண்ணாடியை இறக்கி, "பிரேம்நாத் சார் கடைக்கு எப்படிப் போகணும்?" என்பார்கள். பஞ்சர் ஒட்டிக்கொண்டே வழி சொல்வார். ஒருமுறை பொறுக்கமுடியாமல், வேறு பக்கம் போகிற பேரணாம்பட்டு ரோட்டைக் கைகாட்டிவிட்டார்.

போகட்டும், வெளியாட்கள். மகள் விஷயத்துக்கு வருவோம். பூங்குழலிக்கு இருபத்து மூன்று வயது. ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். மற்றவர்களெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்க, அவள் ஒரு பழைய ரேஸ் சைக்கிளில் வேலைக்குப் போகிறவள். ஒவ்வொரு ஜனவரியிலும் பழைய சைக்கிள்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏறுவார்கள். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. பதினாலு வளைவிலும் கால் ஊன்றாமல் ஏறியவர்களை மட்டும் மேலே நிற்க வைத்து ஒரு போட்டோ. அந்தப் போட்டோவில் நிற்க வேண்டும், அதுதான் அவளுக்கு.

போன வருஷம் அவளுக்கு ஃப்ரீவீல் கட்டிக் கொடுத்தது கன்னியப்பன். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் வழுக்கும் என்பது சைக்கிள் கடை வைத்த எவனுக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் பிரேம்நாத் ஒரு ஃப்ரீவீலை ஒரே வாரத்தில் முடித்துவிட்டான் என்று காதில் விழுந்ததும், நான் மூணு நாளில் முடிக்கிறேன் பார் என்று பரபரத்ததில், நடுவில் இருந்த ஒரு தேய்ந்த சக்கரத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டார். ஒன்பதாவது வளைவில் செயின் வழுக்கியது. முழங்கால் ஹேண்டில் பாரில் மோத, அவள் கால் ஊன்றிவிட்டாள். அதோடு விட்டாரா? அத்தனை பேர் நடுவிலும், "உனக்கு மிதிக்கத் தெரியல" என்றார். அவள் மிச்ச மலையையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினாள். அதற்குப் பிறகு அப்பா ஏதாவது கேட்டால் பதில் சொல்வதோடு சரி.

இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் பிரேம்நாத், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, கன்னியப்பன் கடைக்கு வந்தார்.

"கன்னியப்பா, முப்பத்திநாலு பல்லு ஒண்ணு வச்சிருந்தியே, இருக்குதா?"

இருந்தது. பேரணாம்பட்டில் ஒரு வீட்டுப் பரணைக் காலி செய்தபோது கிடைத்தது. பல்லெல்லாம் ராவிச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவிக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் வைத்திருந்தார். அந்தக் காலத்துச் சாமானில் அப்படி இன்னொன்று இந்தச் சுற்றுவட்டத்தில் கிடையாது.

"அது போய்ட்டுதுடா. எப்பவோ ஒருத்தனுக்கு போட்டுக் குடுத்துட்டேன். யாருக்குக் கேக்கற?"

"ஒரு பார்ட்டிக்கு" என்று சொல்லிவிட்டு பிரேம்நாத் முகம் வாடிப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் கன்னியப்பன் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். என்ன இன்றைக்குக் குஷி என்று மனைவி கண்ணம்மாள் கேட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். பெருமை பிடிபடவில்லை, சொல்லிவிட்டார். கண்ணம்மாள் கையில் ரசக்கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அய்ய, அது நம்ம பூங்குழலிக்கு. பத்து நாளா அவ வண்டி அங்கதான் இருக்குது. செயின் ரிப்பேர்னு உன்கிட்ட சும்மா சொல்லியிருக்கா."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டோமே என்று வெட்கப்பட்டிருக்க வேண்டும். அது அப்புறம் வந்தது. முதலில் வந்தது அந்த எரிச்சல்தான். பெங்களூர்க்காரன் போனான், வேலூர்க்காரன் போனான், பெற்ற மகளும் அவன் கடைக்கே போய்விட்டாளே என்று தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

இரண்டு நாள் மனசோடு மல்லுக்கட்டினார். கொடுக்காவிட்டால் பிரேம்நாத் இருபத்தெட்டைப் போட்டுக் கொடுப்பான். அதை வைத்துக்கொண்டு பாதி மலைக்கு மேல் அவளால் முடியாது. மறுபடியும் கால் ஊன்றுவாள். இந்தத் தடவை பழி பிரேம்நாத் தலையில் விழும். அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்லமுடியாது. அப்புறம் போன வருஷம் அவள் தள்ளிக்கொண்டு ஏறியது கண்ணுக்குள் வந்து நிற்கும், இனிப்பு போய்விடும்.

கடைசியில் சக்கரத்தை எடுத்துக்கொண்டு சுகரா பேகத்தின் காயலான் கடைக்குப் போனார். வாரம் ஒருமுறை பிரேம்நாத் அங்கே வந்து பழைய இரும்பைக் கிளறுவார் என்பது ஊருக்கே தெரியும்.

"அக்கா, இத அந்தக் குமியில போட்டு வை. பிரேம்நாத் கண்ணுல படணும். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத."

"நேரா குடுத்தா அவன் இன்னா வேணாம்னா சொல்லப் போறான்? உங்க ரெண்டு பேரால எனக்குப் பேஜார்தான் ஜாஸ்தி" என்று அலுத்துக்கொண்டே சுகரா பேகம் வாங்கி வைத்தாள்.

மறுநாள் மத்தியானமே பிரேம்நாத் சக்கரத்தோடு கன்னியப்பன் கடைக்கு வந்துவிட்டார். கண்ணில் அதே கறுப்புக் கண்ணாடி. புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகிறது. சக்கரத்தை பெஞ்சின்மேல் வைத்து, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் வரிசையாக மூன்று புள்ளி.

டை ரூமில் ஒரு வழக்கம் உண்டு. டை செய்து முடித்தவன் மூலையில் பஞ்ச் உளியால் தன் அடையாளத்தைத் தட்டிவிட வேண்டும். விளிம்பு உடைந்தால் எவன் பெஞ்சுக்குப் போய்த் திட்டுவது என்று சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டுமே. கன்னியப்பனுக்கு மூன்று புள்ளி. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எந்த இரும்பை ராவி முடித்தாலும் கை தானாகப் பஞ்ச் உளியைத் தேடிப் போகும். சக்கரத்திலும் தட்டியிருக்கிறார். ஒளித்துக் கொடுக்கப் போனபோது அது ஞாபகம் வரவில்லை.

"பூங்குழலிக்குன்னு எனக்குத் தெரியாதுடா" என்றார் கன்னியப்பன்.

"பூங்குழலிக்கு இல்ல, எனக்கேதான்னு கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

கன்னியப்பன் மூன்று புள்ளியும் தெரியாதபடி சக்கரத்தைக் கவிழ்த்து வைத்தார். பிரேம்நாத் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, வுடு. இதோட காடி என் ஃப்ரீவீல்ல உக்காரல. ராவணும். டாக்டர் ஒரு மாசம் அரத்த தொடக்கூடாதுன்னுட்டாரு, தூள் கண்ணுல போயிடுமாம். நீதான் பண்ணணும். ஆனா ஒண்ணு. அவகிட்ட சொல்ல முடியாது. அப்பா தொட்டாருன்னா நான் ஏறவே மாட்டேன் அங்கிள்னு சொல்லியிருக்கா."

குத்திக்காட்டிவிட்டுப் போக வந்தவர் இல்லை பிரேம்நாத். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அது இன்னும் வலித்தது. உன் கடையில் உன் பேருக்கு நான் கூலி வேலை செய்யணுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "எப்ப வரட்டும்?" என்றார்.

மகள் கம்பெனியில் இருக்கிற நேரமாகப் பார்த்து மூன்று நாள் மத்தியானம் போனார். ஒரு சக்கரத்தை ராவ வந்தவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். பதினேழு பல் சக்கரம் தேய்ந்திருந்தது. கண் மங்கலில் பிரேம்நாத்துக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்த நிமிஷம் கன்னியப்பனுக்கு உடம்பெல்லாம் ஜில்லென்றது. சொல்லிக்காட்ட ஒருத்தரும் இல்லை என்பதுதான் கஷ்டம். தன் டப்பாவிலிருந்து நல்லதாக ஒன்று கொண்டுவந்து போட்டார். பல்சக்கரங்களுக்கு நடுவில் வருகிற இடைவளையங்களை, டை செய்கிற பட்டை இரும்பில் புதிதாக வெட்டினார். செயினைப் பெரிய சக்கரத்தில் ஏற்றி, இறக்கி, நூறு தடவை சுற்றிப் பார்த்தார். கடைசி நாள் முப்பத்து நாலைக் கழற்றி, மூன்று புள்ளியும் இருந்த இடம் தெரியாமல் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினார். பிரேம்நாத் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரி ஞாயிறு காலை, பூங்குழலி பொன்னேரி அடிவாரத்தில் கிளம்பினாள். கன்னியப்பன் டி.வி.எஸ். வண்டியில் ஒரு வளைவு தள்ளியே போனார். கிட்டப் போனால் அவள் முகம் சுளிப்பாள். ஐந்து, ஆறு, ஏழு. பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர் ஓரமாக நின்று மூச்சு வாங்கினார்கள். ஒன்பதாவது வளைவு தெரிந்ததும் இவர் வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். அவள் கையை லீவருக்குக் கொண்டுபோனாள். செயின் பெரிய சக்கரத்தில் ஏறுகிற சத்தம் கீழே இவருக்குக் கேட்டிருக்க நியாயமில்லை, ஆனால் கேட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். வழுக்கவில்லை. பம்பரம் மாதிரி காலைச் சுற்றிக்கொண்டு வளைவைத் தாண்டி மறைந்தாள். கன்னியப்பன் ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் வண்டியைக் கிளப்பினார்.

மேலே போட்டோவுக்கு ஏழு பேர் நின்றார்கள். நடுவில் பூங்குழலி, முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு. வேனில் முன்கூட்டியே வந்திருந்த பிரேம்நாத்தை, "கட்டிக் குடுத்தவரும் நிக்கணும், வாங்க அங்கிள்" என்று கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பெங்களூர்க்காரர் ஒருத்தர் பிரேம்நாத் கையைக் குலுக்கி, இந்த மாதிரி வேலை இதுவரை பார்த்ததில்லை சார், செயின் வெண்ணெய் மாதிரி ஏறுது என்றார். பிரேம்நாத் நெளிந்தார்.

போட்டோ எடுக்க ஆள் இல்லை. பூங்குழலி போனைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். ஒரு வருஷத்தில் அவளாக வந்து பேசியது அதுதான்.

"பாத்தியாப்பா அங்கிள் வேலய? ஒரு தடவகூட வழுக்கல. நீயும் அவருகிட்ட போயி கொஞ்சம் கத்துக்கயேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே, அப்பாவுக்கு நல்லதாகத்தான் சொன்னாள். அங்கே பிரேம்நாத் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மாடி, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"ஆடாம நில்லுடா, போட்டோ கலங்கிடும்" என்று கன்னியப்பன் அதட்டினார். பிரேம்நாத் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கத்துக்கறேம்மா" என்றார் மகளிடம். "நீ போய் நில்லு."

அவள் ஓடிப்போய் பிரேம்நாத் தோளில் சாய்ந்து நின்றாள். கன்னியப்பன் போனைத் தூக்கிப் பிடித்தார். அந்தச் சின்னத் திரைக்குள் இரண்டு பேரும் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் பிரேம்நாத் மேல் அவருக்கு அவ்வளவு பொறாமை வந்ததே இல்லை. மூன்று படம் எடுத்தார், மூன்றும் கலங்காமல் பார்த்துக்கொண்டார்.