சனிக்கிழமைக் காகத்துக்கு ரோசாப்பூ

என் காகம் அசைவதற்கு மூன்று மாதம் பிடித்தது. அசைந்தபோது அதன் மேல் ரோசாப்பூ கொட்டியது.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். போனில் விரலால் படம் கீறப் பழகி, சனிக்கிழமைதோறும் ஒரு படக்கதையை இணையத்தில் போட்டுவந்தேன். ஐந்தே கட்டங்கள். சனி விரதக்காரி ஒருத்தி காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுப் பசியோடு காத்திருப்பாள். காகம் தின்ற பிறகுதான் அவள் வாயில் வைக்கலாம். காகமோ மீன் துறையில் நெத்தலி விழுங்கிக்கொண்டு நிற்கும். நாலாவது கட்டத்தில் வேண்டாவெறுப்பாக வந்து ஒரு பருக்கை கொத்தும். கடைசிக் கட்டத்தில் அவள் சாப்பிடுவாள். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்து விரதம் பிடிக்கிற எவளுக்கும் இது விளங்கும். எங்கள் காகங்களுக்குச் சனீஸ்வரனிலும் பார்க்க மீனில்தான் பக்தி.

கோயிலுக்கு வருகிற பெண்கள் இதைப் பார்த்துவிட்டு, புரட்டாதிக் கடைசிச் சனி பூசை முடிய மண்டபத்துத் திரையில் காட்டச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய மரியாதை அதுதான். எங்கள் ஒழுங்கையில் கலியாண வீடியோ எடுக்கிறவரின் காதுக்கும் அது எட்டிவிட்டது.

"தங்கச்சி, அசையாம நிண்ட படத்தை ஆர் பாக்கிறது? நான் அசைய வைச்சுத் தாறன். மோஷன் கொமிக் எண்டு சொல்லுறது."

அசைவதென்றால் காகம் வேறு, தட்டு வேறு, வீடு வேறாகக் கீறவேண்டுமாம். நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கீறியிருந்தேன். அவர் காகத்தை வெட்டி எடுத்ததும் மதிலில் காக வடிவில் ஓட்டை விழுந்தது. சமைத்து, விளக்கு வைத்து, மிச்ச நேரமெல்லாம் அந்த ஓட்டைகளை அடைத்து அடைத்து என் விரல் வீங்கிப்போனது.

பூசைக்கு இரண்டு நாள் இருக்க, தன் கடையில் கதிரை போட்டு என்னையும் கணவரையும் இருத்தினார். மீன் துறைக் கட்டத்தில் காகம் மணப்பெண் மாதிரி வலப்பக்கத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. சிறகு அசையவே இல்லை. ரோசாப்பூ கொட்டியது. நிலாவெளி ஹோட்டலில் நடந்த ஒரு கலியாணத்துக்குப் போட்ட அதே பூ. அவரே பெருமையாகச் சொன்னார். பின்னால் வயலின் அழுதது. அதையும் பொறுத்தேன்.

பிறகுதான் கதிரையை விட்டு எழும்பினேன். விரதக்காரி சோற்றை அள்ளி வாயில் வைக்கிறாள். அதற்குப் பிறகு காகம் சோற்றுக்கு வருகிறது!

"அண்ணை, காகத்துக்கு முந்தி அவள் சாப்பிடுறாள்!"

"ஓம், அதுக்கென்ன? காகம்தானே ஹீரோ. ஹீரோ கடைசியாத்தான் வரோணும்."

"அப்ப விரதம்?"

"ஐயோ தங்கச்சி, ஆர் கவனிக்கப்போகினம்?"

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து இருக்கப்போகிற பெண்கள் கவனிக்கமாட்டார்களாம்!

"மாத்திப் போடுங்கோ."

"இப்ப ஏலாது. நாளைக்குக் கட்டைபறிச்சான் ஊரில ஒரு சாமத்தியவீட்டுக்கு வீடியோ எடுக்கப் போறன்."

"விடுமன், வடிவாத்தானே இருக்கு," என்றார் என் கணவர். சனிக்கிழமையிலும் பதினொரு மணிக்கே சாப்பாடு தேடிக் குசினியை எட்டிப் பார்க்கிறவர் வேறென்ன சொல்வார்?

சொல்ல வெட்கம், எனக்கும் ஆசை தட்டியது. என் காகம், அவ்வளவு பெரிதாக, அசைந்துகொண்டு. ஆனால் வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை. விரதத்தைத் தலைகீழாக்கிக் கோயிலிலேயே காட்டுவதா?

சனிக்கிழமை, போனில் இருந்த பழைய கட்டங்களையே திரையில் போட்டு விரலால் தள்ளினேன். மூன்றாவது கட்டத்தில் போன் இறுகிவிட்டது. என்ன தட்டியும் அசையவில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் அவள் குந்திக்கொண்டே இருந்தாள்.

"என்ன பிள்ளை, உன்ர காகமும் துறைக்குப் போயிட்டுதோ?" என்று முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார். சிரிப்பு கிளம்பியது. ஒருத்தி "கா... கா..." என்று கூப்பிட, மண்டபமே கூப்பிட்டது. வாசலில் நின்ற ஐயரும் சேர்ந்துகொண்டார். போனுக்கு உயிர் வந்தது. காகம் வந்து கொத்தியது. அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிட்டாள்.

வெளியே வந்தபோது வீடியோக்காரர் வழிமறித்தார்.

"தங்கச்சி, அந்தக் கா கா சத்தத்தை ரெக்கோட் பண்ணினனீங்களோ? பூவோட சேர்த்துப் போட்டால் சும்மா அந்தமாதிரி இருக்கும்."

நான் விறுவிறென்று நடந்தேன். வீட்டில் காகத்துக்குச் சோறு வைக்கவேண்டியிருந்தது. மீன் வள்ளங்கள் கரைக்கு வந்துவிட்டால் பிறகு எந்தக் காகம் வரும்?