காரப்பொடிக்குப் போட்ட ஊசி

மருந்துப் புட்டியை மேஸ்திரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் உயரக் கண்ணாடிப் புட்டி. உள்ளே மருந்து வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. கவிழ்த்துப் பார்த்தார், அசையவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. நான் சும்மா இருந்திருக்கலாம். "மேஸ்திரி, ஒரு குச்சி சொருகிட்டா சேமியா ஐஸ்னு வித்துடலாம்" என்றேன். "போடா பேமானி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு ஆளைக் காட்டி முடிக்க முடியாது. ஒரு கூட்டமே இருக்கிறது, அதில் நானும் நிற்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்ட பிறகு, ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் ஷெட்டில் சேர்ந்தேன். அங்கே அவர்தான் மேஸ்திரி. எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், எந்த வெயிலுக்கு எத்தனை கைப்பிடி கல்லுப்பு என்பதெல்லாம் அவர் கைக்கே தெரியும். உப்புத் தூவினால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும். அப்படி அவர் கட்டிக்கொடுத்த இறால் பெட்டியை நான்கு நாள் கழித்துத் திறந்தாலும் குறை சொல்ல ஆளில்லை. அவருக்கு ஒரு பூனை இருந்தது. ஒரு வயதுகூட நிரம்பாதது, வெள்ளி வயிறு, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்ததால் காரப்பொடி மீனின் பெயரையே வைத்துவிட்டார். பக்கத்து வலை ஷெட்டுகளிலும் ஆளுக்கொரு பூனை உண்டு. எலி கடித்த வலையைக் கடலில் போட்டால் மீன் சிரித்துக்கொண்டே வெளியே போகும்.

அந்த வருடம் வரிசையாகப் பூனைகள் செத்தன. வாந்தி, பேதி, இரண்டே நாள். மேஸ்திரி பயந்துபோய் என்னையும் இழுத்துக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "இதுக்குத் தடுப்பூசி இருக்கு. ரிஸ்க்கே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒரு நாள் காய்ச்சல் வரும், சோறு எடுக்காது. ஊசி போட்ட இடத்துல சின்னக் கட்டி வரலாம், மாசம் தாண்டியும் கரையலன்னா கொண்டாந்து காட்டணும். எப்பவாவது ஒண்ணுக்கு முகம் வீங்கி மூச்சு வாங்கும், அதுக்குத்தான் அரை மணி நேரம் இங்கயே உக்கார வைப்போம். ஆனா ஊசி போடாம இந்த நோவு வந்துட்டா, பொழைக்கிறது ரொம்பக் கஷ்டம். பூனைய இங்க தூக்கிட்டு வாங்க."

மேஸ்திரி இரண்டு ராத்திரி இதையே நிறுத்துப் பார்த்தார். தராசு ஒரு பக்கம் சாய்ந்தது, போடுவது என்று. ஆனால் தூக்கிக்கொண்டு போவதில்தான் சிக்கல். கடலுக்குக் கிளம்புகிறவன் எதிரே பூனையோடு யாராவது வந்தால் அன்றைக்குப் படகையே எடுக்காத ஆட்கள் எங்கள் ஆட்கள். ஆட்டோக்காரர்களும் அதே தெருதான். ஆகவே மேஸ்திரி ஒரு மருந்துக்கடையில் புட்டியை வாங்கி, தெரிந்த கம்பவுண்டர் ஒருவரை மறுநாள் ஷெட்டுக்கே வரச் சொன்னார். கடைக்காரன் புட்டியைக் கொடுக்கும்போது சொன்னது ஒரே வார்த்தை: "ஐஸ்ல வைங்க."

யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டாமா? உடம்பெல்லாம் ஐஸ் தண்ணீர் சொட்ட நிற்கும் மனிதரிடம், குளிர்ச்சியாக வை, உறையவிடாதே என்று சொல்ல இன்னும் இரண்டு வார்த்தைதானே. மேஸ்திரி தன் தொழிலில் உயர்ந்த மரியாதை எதுவோ அதை அந்தப் புட்டிக்குச் செய்தார். இறால் பெட்டியில், உப்புத் தூவிய ஐஸுக்கு நடுவில் புதைத்தார்.

மறுநாள் அது கல்லாகி வந்தது. கம்பவுண்டர் அதை இரண்டு கையிலும் உருட்டிக் கரைத்து ஊசியில் ஏற்றினார். அவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையா, அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரமா, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். காரப்பொடி ஒரு நாள் சுருண்டு படுத்தது. மேஸ்திரி சாப்பிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அது எழுந்து நெத்திலி கேட்டது. "கண்டம் தாண்டிச்சுடா" என்றார்.

மூன்றாவது வாரம் அதற்கும் வாந்தி வந்தது. சகுனப் பேச்சுக்குப் பயந்த மனிதர் பட்டப்பகலில் பூனையை மீன் கூடையில் வைத்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஊசி போட்டதை விசாரித்து, மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம ஐஸ்லதாம்மா. உப்பு போட்டு, கல்லு மாதிரி வச்சிருந்தேன்."

டாக்டரம்மா காரப்பொடியின் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார். "இதாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உறைஞ்சு போன மருந்துக்கு வீரியம் இருக்காது. பச்சத் தண்ணி போட்ட மாதிரிதான்." மேஸ்திரி தன் கைகளைப் பார்த்தார். ஐஸில் ஊறிச் சுருங்கிய, வெளுத்த கைகள். காரப்பொடி அன்று சாயங்காலம் போய்விட்டது.

செத்த பூனைக்காக அழ யாரும் வரவில்லை, தீர்ப்புச் சொல்ல மட்டும் துறைமுகமே வந்தது. ஊசிதான் கொன்றது என்றார்கள். இனி எந்தப் பூனைக்கும் ஊசி கிடையாது என்றார்கள். மேஸ்திரிக்கு அது வசதியான பேச்சு. தலையை ஆட்டிவிட்டு இருந்திருந்தால் அவர் ஐஸுக்கு ஒரு களங்கமும் இல்லை. ஆனால் ஏலம் முடிந்து எல்லாரும் நிற்கும்போது அவர் சொன்னார்: "ஊசி ஒண்ணும் பண்ணல. நான் ஐஸ்ல வச்சி மருந்த கெடுத்துட்டேன். உங்க பூனைங்களுக்கு ஆஸ்பத்திரிலயே போய் போட்டுக்கங்கோ."

"இன்னா மேஸ்திரி, காலைலயே ஏத்திகினியா?" என்றார் வலை ஷெட்டு அண்ணன். "ஐஸ்ல வச்சா எதுனா கெடுமா? அப்ப நாங்க உன்கிட்ட வாங்கிகினு போறது இன்னா, கலீஜ் ஐஸா?"

கூட்டம் சிரித்தது. அந்தக் கூட்டத்தில் உறைந்த புட்டியைக் கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். எல்லாரையும் கலாய்க்கிற என் வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது. குச்சி ஐஸ் என்று கிண்டலடித்ததைச் சொல்ல வேண்டிவருமே என்ற வெட்கம். ஐஸால் கெடும் பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை என் ஜனங்கள் நம்பவே இல்லை. அந்த அண்ணனின் பூனையும் பத்து நாளில் செத்தது. ஊசி போடாமலேதான் செத்தது. அதற்கு மட்டும் யாரும் காரணம் கேட்கவில்லை. இன்றைக்கும் ஷெட்டுப் பக்கம் போனால் மேஸ்திரி பூனையை ஊசி கொன்ற கதையைத்தான் புது ஆட்களுக்குச் சொல்கிறார்கள். நான் இப்போது வாயைத் திறந்து சண்டை போடுகிறேன். காலம் தாண்டிய சண்டை.

சில மாதம் கழித்து, திருவொற்றியூரில் மகள் வீட்டில் ஒரு குட்டியை வளர்க்க எடுத்தார் மேஸ்திரி. நோய்க்கிருமி ஷெட்டுத் தரையில் நெடுநாள் கிடக்கும், ஊசி போடாத குட்டியை உள்ளே விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டுக்கொண்டு, அந்த அரை மணி நேரம் அவரும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். மேஸ்திரி குட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வீங்குகிறதா என்று. பக்கத்தில் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டிலிருந்து வந்த ஒரு பெண், மடியில் பூனையை இறுக்கிக்கொண்டு, "அண்ணா, ஊசி போட்டா ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டாள்.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மேஸ்திரி காய்ச்சலைச் சொன்னார், கட்டியைச் சொன்னார், இந்த அரை மணி நேரம் எதற்கென்று சொன்னார். அப்புறம் காரப்பொடியைச் சொன்னார். இறால் பெட்டி, உப்பு, தன் கை, எதையும் விடவில்லை. நானும் என் பங்குக்குக் குச்சி ஐஸைச் சொன்னேன்.

அவள் முழுவதும் கேட்டாள். "ஐஸ்ல வச்சா மருந்து கெட்டுப்பூடுமா? எனக்கு இன்னாண்ணா தெரியும்" என்றாள். பெயரைக் கூப்பிட்டதும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஊசி போட உள்ளே போனாள்.