வேறு கை படாத தண்ணீர்

ஓட்டுநர் பள்ளிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவருக்கு, இன்னொன்று கற்றுக்கொடுப்பவருக்கு. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பத்தொன்பது வருடம் காலை வைத்தபடியே ஊரைச் சுற்றியதால் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் பள்ளியின் ஏதோ ஒரு கோப்பில் நிம்மதியாகத் தூங்குகிறது.

மாஸ்டர் கத்தமாட்டார். பேருந்தின் முதுகில் முட்டப் போகிறவரிடம்கூட, "கொஞ்சம் யோசிப்போமா?" என்றுதான் கேட்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் கால் வேலையை முடித்திருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் அவர் மனைவி காய்ச்சலில் படுத்தாள். நான்காம் நாள் இல்லை. அவளுக்கு வாழ்நாளெல்லாம் சாலையைக் கடக்கப் பயம். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவரின் மனைவி, யாராவது வந்து கையைப் பிடிக்கும்வரை நீலப் பையோடு ஓரத்தில் நிற்பாள். "ஓட்டுறவங்க எல்லாம் உங்ககிட்ட படிச்சவங்கதானே, அதான் பயமா இருக்கு" என்பாள்.

இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். அதுதான் சிக்கல்.

வங்கிக்கு முன்னால், வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில், பட்டப்பகலில், அதே நீலப் பையோடு. மாஸ்டரின் கால் மிதித்துவிடும். கார் குலுங்கி நிற்கும்.

"சார், யாருமே இல்லையே?" என்பார்கள் கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

"கடக்குறவங்களுக்கு நேரம் கொடுக்கணும்" என்பார் மாஸ்டர்.

மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுக் காலை எடுப்பார். அவள் கடந்தாளா என்று திரும்பிப் பார்த்ததில்லை. கடந்துவிட்டவள் மறுநாள் ஏன் பழைய பக்கத்திலேயே நிற்கிறாள் என்ற கேள்வி வருமே.

மூன்றாவது முறை மிதித்தபோது ரொட்டி வண்டி ஒன்று பின்னால் வந்து மோதியது. முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"மாஸ்டர், கண்ணைப் போய்க் காட்டுங்க."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது முதலாளி."

"அதைத்தான் சொல்றேன். எங்களுக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியுது. இன்னொரு தடவை காலி ரோட்டுல மிதிச்சீங்க, அப்புறம் வீட்டுல சோபால உட்கார்ந்து மிதிக்க வேண்டியதுதான்."

இரண்டு தெரு தள்ளி மாஸ்டரின் அக்கா இருந்தாள். எந்த நம்பிக்கையையும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதவள். போன மாதம் சுவரைப் பார்த்து மூச்சுவிடச் சொன்னாள்; மாஸ்டருக்குச் சுவரில் இருந்த ஈரக்கசிவு தெரிந்ததுதான் மிச்சம். இந்த மாதம் குளியல். மூலிகையும் பூவும் போட்டுக் குளித்தால் ஒட்டிக்கொண்டிருப்பது விலகிவிடுமாம். பூக்கடைக்காரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

பூக்கடைக்காரம்மா மருத்துவரைப் போல விசாரித்தாள்.

"யாரு? வீட்டுக்காரம்மாவா?"

"ஆமா."

"என்ன பண்றாங்க?"

"நிக்கிறா."

"பேசுறாங்களா?"

"இல்ல."

"இருக்கும்போது பேசுவாங்களா?"

மாஸ்டர் வாய் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னாள். "வாய் மூடினதே இல்ல. இவன்தான் ஊமை."

"அப்ப இது முத்தல. ஒரே குளியல் போதும்ணே." வேப்பிலை, புதினா, எலுமிச்சை இலை ஒரு பொட்டலம், வெள்ளைச் சாமந்தியும் ரோஜாவும் இன்னொன்று. "இலையைக் கொதிக்க வச்சு வடிகட்டிப் பக்கெட்டுல ஊத்துங்க. பச்சத்தண்ணி சேர்த்து நீங்களே விளாவணும். கடைசியா பூ. வேற கை பட்டுச்சுன்னா பலிக்காது, சொல்லிட்டேன்."

"பலிச்சா?"

"அப்புறம் எங்கயும் நிக்கமாட்டாங்க."

அக்கா நிம்மதியாகச் சிரித்தாள். மாஸ்டர் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார். வேலை போனால் தின்பதற்கு வழியில்லை. வேலை நிலைக்க வேண்டுமென்றால் அவள் நிற்கக் கூடாது. வீடு வரும்வரை இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் புரட்டினாலும் அவள் ஓரத்தில்தான் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் இலை கொதித்தது. வீடு முழுக்கக் கசப்பு வாசம். மாஸ்டருக்கு உலகத்தில் வராத ஒரே காரியம் வெந்நீர் விளாவுவது. முப்பத்தொரு வருடம் அதைச் செய்தது அவள். முழங்கையை நனைத்துப் பார்த்து, "ம், போங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அவர் குளியலறைக்குள் போவார். அவள் போனபின் அவர் வெந்திருக்கிறார், அல்லது விறைத்திருக்கிறார். நடுவில் ஒரு நிலை இருப்பதே மறந்துபோயிற்று.

அன்றும் அப்படித்தான். முதலில் கை வைக்க முடியவில்லை. குழாயைத் திறந்தார், மூட நினைப்பதற்குள் ஐஸ். பாத்திரத்தில் மிச்சமிருந்ததைச் சாய்த்தார், மறுபடி கொதி. "ஒரு பக்கெட்டை ஓட்டத் தெரியல, இதுல காரு" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் கூடத்தில் ஃபோன் அடித்தது.

"டேய், குளிச்சியா?"

"விளாவிட்டு இருக்கேன்கா."

"சட்டுபுட்டுனு முடி. மனசை மாத்திக்காதே. அவ நல்லதுக்கும்தான்டா."

"சரிக்கா."

"என்ன சரி? உன் சரியை நான் சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன்."

திரும்பி வந்தபோது குளியலறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஆவி அடங்கியிருந்தது. ஜன்னல் மேடையில் பிரிக்காமல் வைத்திருந்த பூப்பொட்டலம் பிரிந்து கிடந்தது. தண்ணீரின் மேல் சாமந்தியும் ரோஜாவும் இதழ் இதழாக மிதந்தன. கிள்ளிப் போட்ட காம்புகள் எல்லாம் மூலையில் ஒரே குவியலாக, வடிகாலை அடைக்காத தூரத்தில். மாஸ்டர் காம்பு கிள்ளுகிற ஆள் இல்லை. கிள்ளினாலும் குவிக்கிற ஆள் இல்லை.

கையை விடத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முழங்கையை நனைத்தார்.

சரியாக இருந்தது.

எட்டு மாதமாக மறந்துபோயிருந்த அந்தச் சூடு. பயம் முதுகுத்தண்டில் ஏறிப் பாதி வழியில் களைத்து உட்கார்ந்தது. மாஸ்டர் கதவைச் சாத்தினார். குவளை குவளையாக, அவசரமில்லாமல், பக்கெட்டின் அடி தெரியும்வரை ஊற்றிக்கொண்டார். வேறு கை பட்ட தண்ணீர் பலிக்காது என்று கேட்டுக்கொண்டு வந்தவர்தான். கேட்டதனால்தான் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

மத்தியானம் அக்கா வந்து அவரைக் கூர்ந்து பார்த்தாள். "போயிட்டாளா?"

"குளிச்சிட்டேன்கா."

"நான் கேட்டது அதில்ல."

"நல்லா குளிச்சேன்கா."

தலையில் ஒட்டியிருந்த ரோஜா இதழை எடுத்துப்போட்டாள் அக்கா. அதற்குமேல் அவள் கேட்கவில்லை; அவளுக்கும் தம்பி ஒருவன்தான்.

திங்கட்கிழமை மாஸ்டர் கார்ச் சாவியை முதலாளியின் மேசையில் வைத்தார்.

"எனக்கு ரோடு வேண்டாம். மாடி ரூம்ல சிக்னல் போர்டு சொல்லிக்கொடுக்குற வகுப்பைக் கொடுங்க."

"அந்த ரூமா? அங்க பாடம் எடுத்தவங்க மூணு பேரும் தூங்கித்தான் வேலையை விட்டாங்க, மாஸ்டர். ஃபேன்கூட ஓடாது."

"பரவால்ல."

"பிரேக் இல்லாம இருப்பீங்களா?"

"பழகிக்கிறேன்."

இப்போது மாடி அறையில் காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு. ஆறேழு பேர் முன்வரிசையில் உட்கார்கிறார்கள். கடைசி பெஞ்சில் பையோ குடையோ வைக்கக் கூடாது என்பது மாஸ்டரின் ஒரே கண்டிப்பு. பாடம் முடிந்ததும், "புரியலைன்னா கேளுங்க, தப்பில்ல" என்பார். முன்வரிசையில் யாரும் கேட்பதில்லை. அவர்கள் எழுந்து போகத் தயாராக இருப்பார்கள். மாஸ்டர் அவர்கள் தலைக்கு மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்து, கொஞ்ச நேரம் காது கொடுத்து, "சரி, முதல்லேர்ந்து சொல்றேன்" என்று மறுபடி சாக்பீஸை எடுப்பார்.